தெரியாது என்று சொன்ன அரசன்

2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் செம்பு உருக்கு ஆலையை மூடச் சொல்லி மக்கள் போராடத் தொடங்கி அன்றைக்கு நூறாவது நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன மக்கள்மேல் போலீஸ் சுட்டது. மறுநாள் அண்ணா நகரில் மறுபடியும் சுட்டார்கள். மொத்தம் 13 பேர் செத்தார்கள். அவர்களில் ஆகச் சிறியவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த 17 வயதுப் பெண்பிள்ளை. அப்போது தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமி. காவல் துறையும் அவர் கையில்தான் இருந்தது. நிருபர்கள் கேட்டபோது, மற்றவர்களைப் போலத் தானும் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அவர் சொன்னார்.

இங்கே பினாங்கில் நாமும் அப்படித்தானே தெரிந்துகொண்டோம். அன்றைக்குச் சாயந்திரம் யார் கைப்பேசியைத் திறந்தாலும் ஒரே காட்சி. மஞ்சள் டீ-சட்டை போட்ட ஒரு போலீஸ்காரர் வேன் கூரைமேல் ஏறி நீளத் துப்பாக்கியால் குறி பார்க்கிறார். கோப்பிக்கடையில் உட்கார்ந்து நாம் பார்த்ததும், காவல் துறையைக் கையில் வைத்திருந்த முதல்வர் பார்த்ததும் ஒரே மாதிரிதான் என்றால், நாற்காலிக்கு என்ன அர்த்தம்?

சுட்டது சரியா தப்பா என்று ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிடக் கனமாகப் படுவது இந்தக் கேள்வி: ஆளுகிறவன் "எனக்குத் தெரியாது" என்று சொன்னால், தர்மக் கணக்கில் அவன் பங்கு குறைகிறதா, கூடுகிறதா?

நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் இளைஞர்களில் பலருக்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயதுதான் இருக்கும். அந்த ஆலையை முதலில் மகாராஷ்டிரத்தில் ரத்னகிரியில் கட்டுவதாக இருந்தது. அந்த ஊர் மக்கள் எதிர்த்ததால் அது தூத்துக்குடிக்கு வந்தது. 1990களின் நடுவிலிருந்தே மீனவர்களும் சுற்றுக் கிராமத்தாரும் புகையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2013-ல் சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்காக இந்திய உச்ச நீதிமன்றம் ஆலைக்கு 100 கோடி ரூபாய் போட்டது. ஆனால் ஓடவும் அனுமதித்தது. பிறகு ஆலையைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்றதும் 2018 பிப்ரவரியில் குமாரரெட்டியார்புரம் கிராமத்தில் மரத்தடியில் உட்கார ஆரம்பித்தார்கள். மார்ச் மாதம் ஊரே திரண்டு கூட்டம் போட்டது. நூறாவது நாள் ஆட்சியரைப் பார்க்கப் போவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். கிளம்பியவர்களில் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் நிறைய. அரசாங்கம் 144 தடை உத்தரவு போட்டது.

இதில் எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. தேதி தெரியும், போகிற இடம் தெரியும், எத்தனை பேர் வருவார்கள் என்பதும் ஏறக்குறைய தெரியும். இருந்தும் மாவட்ட ஆட்சியர் அந்த நாளில் கோவில்பட்டியில் இருந்தார்.

மறுநாளே ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். நான்கு வருஷம் ஓடியது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது. போலீஸ் தகுந்த காரணம் இல்லாமல் சுட்டது, ஓடிக்கொண்டிருந்தவர்களை மறைவான இடங்களிலிருந்து சுட்டது, பலருக்குக் குண்டு பின்பக்கத்திலிருந்து பாய்ந்திருக்கிறது என்று ஆணையம் எழுதியது. 17 போலீசார்மேலும் அப்போதைய ஆட்சியர்மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. தொலைக்காட்சி விஷயத்தையும் அது விடவில்லை. தலைமைச் செயலாளர், காவல் துறைத் தலைவர், உளவுத் துறை அதிகாரி மூவரும் நிமிடத்துக்கு நிமிடம் முதல்வருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்றது தவறு என்று பதிவு செய்தது.

சரி, சுட்டது யார்? விரலை அழுத்தியது ஒரு காவலர். அவரைக் கேட்டால் அதிகாரி சொன்னார் என்பார். அதிகாரியைக் கேட்டால் துணை வட்டாட்சியர் அனுமதி கொடுத்தார், தாள் இருக்கிறது என்பார். துணை வட்டாட்சியர் அரசாங்கத்தில் சின்ன அதிகாரி; துப்பாக்கி வைத்திருக்கிற பெரிய அதிகாரிகள் சுற்றி நிற்கும்போது அவர் மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஆளா? ஆட்சியர் ஊரில் இல்லை. முதல்வர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று உயிர் போன இடத்தில் "நான்தான்" என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. எல்லாரும் எதிலோ ஒரு சின்னத் துண்டு. துண்டுகளைச் சேர்த்தால் ஒரு கொலை வருகிறது, கொலைகாரன் மட்டும் வருவதில்லை.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. இந்தியாவில் அப்போது இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132-வது பிரிவுப்படி, கூட்டத்தைக் கலைக்கச் சுட்ட போலீஸ்காரர்மேல் வழக்குத் தொடர வேண்டுமானால் மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். அதாவது யாருடைய ஆணைச் சங்கிலியில் அந்தத் துப்பாக்கி வந்ததோ, அவர்களிடமே போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டும். வீட்டுச் சாவி திருடனிடமே இருக்கிற கதை.

இந்தச் சங்கிலியை நம் முன்னோர் பார்க்காமல் இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் சாகிற கட்டத்தை எல்லாரும் கதையாகக் கேட்டிருப்போம். ஆனால் இளங்கோவடிகள் அங்கே எத்தனை பேரை நிறுத்தி வைத்திருக்கிறார் என்று நிதானமாகப் பாருங்கள். அரசன் தன் ராணியின் ஊடலைத் தீர்க்கிற அவசரத்தில் இருக்கிறான். பொற்கொல்லன் வந்து திருடன் அகப்பட்டான் என்கிறான். அரசன் விசாரிக்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று காவலர்களிடம் சொல்லிவிட்டுப் போகிறான். ஒரு வாய்ச்சொல், அவ்வளவுதான். காவலர்கள் போகிறார்கள். அவர்களுக்கே சந்தேகம் வருகிறது. இவனைப் பார்த்தால் கொலைக்குரிய கள்வன் மாதிரி தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே திருடர்களின் தந்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அவர்களைப் பயமுறுத்துகிறான். காவலர்களில் ஒருவன், முன்பு ஒரு திருடன் தன் வாளையே பிடுங்கிக்கொண்டு போன கதையைச் சொல்கிறான். அச்சம் ஏறுகிறது. கடைசியில் குடிவெறியில் இருந்த ஒரு படிப்பறிவில்லாதவன் வாளை வீசிவிடுகிறான்.

வாளை வீசியவன் பெயர்கூடக் காப்பியத்தில் இல்லை. கண்ணகி அவனைத் தேடிப் போகவும் இல்லை. நேராக அரண்மனை வாசலுக்குப் போனாள். கூட்டத்தின் நடுவே அச்சத்தில் இருப்பவனிடம் கொல்லும் அதிகாரத்தைக் கொடுத்தவன் யார், அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாண்டியனும் எடுத்த எடுப்பில் ஒப்புக்கொள்ளவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் இல்லை, அரச நீதிதான் என்றுதான் முதலில் சொல்கிறான். இன்றைய அரசு அறிக்கைகளில் வரும் "தவிர்க்க முடியாத சூழ்நிலை"யும் இதேதான். ஆனால் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் அவன் பொற்கொல்லனைக் காட்டவில்லை, காவலனைக் காட்டவில்லை. தன் உத்தரவை அவர்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றும் சொல்லவில்லை. நான் அரசன் இல்லை, கள்வன் நான்தான் என்று சொல்லி அந்த இடத்திலேயே விழுந்து சாகிறான். அவனுக்கு உண்மை தெரியாது என்பது நிஜம்தான். பொற்கொல்லன் ஏமாற்றினான் என்பதும் நிஜம்தான். தெரியாமல் இருந்ததே தன் குற்றம் என்று அவன் எடுத்துக்கொண்டான். அரியணையில் உட்கார்ந்தவன் தெரிந்துகொள்ளத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறான்.

இதைப் புராண நியாயம், இன்றைக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்லலாம். 1990-ல் ஐக்கிய நாடுகள் சபை மாநாடு ஒன்று கியூபாவின் ஹவானாவில் நடந்தது. போலீஸ் எப்போது சுடலாம் என்பதற்கு அங்கே அடிப்படை நெறிகள் வகுத்தார்கள். உயிரைக் காப்பாற்ற வேறு வழியே இல்லாதபோதுதான் உயிர் போகும்படி சுடலாம். கீழே இருப்பவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகச் சுடுவது மேலதிகாரிக்குத் தெரிந்திருந்தாலும் சரி, தெரிந்திருக்க வேண்டும் என்றாலும் சரி, தடுக்கத் தன்னால் ஆனதைச் செய்யாவிட்டால் அவர் பொறுப்பு. இந்த "தெரிந்திருக்க வேண்டும்" என்ற சொல்லுக்குள் பாண்டியன் உட்கார்ந்திருக்கிறான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை கீதை வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். எஸ்பிஎம் முடித்துவிட்டுப் போலீசில் சேர மனுப் போட்டிருக்கிறான். நம் பிள்ளைகள் போலீசில் குறைவு என்று எத்தனை வருஷமாகப் புலம்புகிறோம்; அதனால் அவன் போட்டதில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். தூத்துக்குடியைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவன்தான் கேட்டான். "அண்ணே, அர்ஜுனன் அம்பைக் கீழே போட்டப்ப கிருஷ்ணர் என்ன சொன்னாரு? உன் கடமையைச் செய்னுதானே? அப்போ ஆர்டர் வந்தா சுடுறதுதானே என் சுவதர்மம்? பலன் என் கையில இல்லையே."

நல்ல கேள்வி. கீதையைப் படித்த பெரியவர்களே இந்த இடத்தில் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பீஷ்மரையும் துரோணரையும் முன்னால் நிறுத்தி வைத்து அர்ஜுனன் வில்லை எடுக்கிறான். எதிரே நிற்பவர்கள் கையிலும் ஆயுதம் இருக்கிறது. அதற்கு முன்பே இரு பக்கமும் போர் நெறி பேசிக்கொள்கிறார்கள்: ஆயுதம் இழந்தவனை அடிக்கக் கூடாது, புறமுதுகு காட்டி ஓடுகிறவனை அடிக்கக் கூடாது. இந்த நெறி மீறப்பட்ட இடங்களையெல்லாம் வியாசர் கறையாகவே எழுதி வைத்திருக்கிறார். ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்த துரோணரைக் கொன்றது பாண்டவர் பக்கம்தான். அதை அவர் நியாயப்படுத்தவில்லை. தூங்குகிறவர்களை இரவில் கொன்ற அசுவத்தாமனுக்குக் காப்பியத்தில் மன்னிப்பே இல்லை. அவன் உள்ளே கொன்றுகொண்டிருக்க, கிருபரும் கிருதவர்மனும் பாசறை வாசலில் நின்று தப்பி ஓடி வந்தவர்களை வெட்டினார்கள். கிருபர் முதலில் இது தகாது என்று வாதாடினார். பிறகு கூடவே போனார். நம் காலத்து நல்ல அதிகாரிகள் பலரை நினைத்தால் எனக்குக் கிருபர் ஞாபகம்தான் வருகிறது.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். பதினெட்டு அத்தியாயம் பேசி முடித்தபின் கிருஷ்ணர் அர்ஜுனனிடம், சொன்னதையெல்லாம் முழுசாக யோசித்துப் பார், பிறகு உனக்கு எது சரியோ அதைச் செய் என்கிறார். பரம்பொருளே ஒரு மனுஷனிடம் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படி என்று கேட்கவில்லை. ஒரு இன்ஸ்பெக்டர் அதைக் கேட்கலாமா? மேலிடத்து உத்தரவு வெளிப்படையாகவே சட்டவிரோதமாக இருந்து, மறுக்க நியாயமான வாய்ப்பும் இருந்தால், உத்தரவைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று அந்த ஹவானா நெறிகளிலும் இருக்கிறது. உத்தரவு போட்டவரும் தப்ப முடியாது. ஒருவர் பொறுப்பு ஏற்பதால் மற்றவர் பொறுப்பு கரைந்துவிடுவதில்லை.

அவன் விடவில்லை. "கல்லு எறிஞ்சா?" என்றான்.

அதையும் தட்டிக்கழிக்கக் கூடாது. தூத்துக்குடியில் கல் பறந்தது, வண்டிகள் எரிந்தன. போலீஸ்காரரும் பயப்படுகிற மனுஷன்தான். பினாங்கில் 1967 நவம்பரில் நாணய மதிப்புக் குறைப்பை எதிர்த்து ஹர்த்தால் நடந்ததே, அது இனக் கலவரமாக மாறி உயிர்கள் போய் ஊரடங்கு போட வேண்டி வந்தது. ஜார்ஜ் டவுன் பெரியவர்களைக் கேட்டால் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். கூட்டம் எப்போதும் சாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கல் எறிந்தவனைச் சுட்டார்கள் என்றால் ஒரு வாதம். முதுகைக் காட்டி ஓடியவன் கையில் என்ன கல்? அன்றைக்கு "சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்" என்று பேசினார்கள். பொற்கொல்லன் காவலர்களிடம் திருடர் தந்திரம் சொன்னதும் இதே வேலைக்குத்தான். எதிரே நிற்பவனைப் பயங்கரமானவன் என்று நம்ப வைத்துவிட்டால் போதும், மீதியைக் கை தானே செய்யும்.

போராடுகிற பக்கத்துக்கும் இதே அளவுகோல்தான். 1922 பிப்ரவரியில் சௌரி சௌரா என்ற ஊரில் போலீஸ் சுட்டதில் ஊர்வலத்தினர் சிலர் இறந்தார்கள். கோபம் கொண்ட கூட்டம் காவல் நிலையத்தைக் கொளுத்தி 22 போலீஸ்காரர்களைக் கொன்றது. காந்தி அப்போது எங்கே இருந்தார்? பல நூறு மைல் தள்ளிக் குஜராத்தில், பர்தோலியில். அவருக்கு உண்மையாகவே தெரியாது. அது கலகக்காரர்கள் செய்தது, காங்கிரஸ் இல்லை என்று அவர் ஒரு அறிக்கை விட்டிருக்கலாம். நாடு முழுக்க நடந்துகொண்டிருந்த ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார், ஐந்து நாள் பட்டினி கிடந்தார். மறுமாதம் அகமதாபாத் நீதிமன்றத்தில் நிற்கும்போது, சௌரி சௌராவிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ள முடியாது என்று சொல்லி ஆகக் கடுமையான தண்டனையைக் கேட்டார். ஆறு வருஷம் கொடுத்தார்கள். இயக்கத்தை நிறுத்தியது சரியா என்று நேருவுக்கே அப்போது வருத்தம் இருந்தது; அது வேறு விவாதம். அதிகாரம் ஒன்றும் கையில் இல்லாத மனுஷன் தெரியாத ஒன்றுக்குப் பொறுப்பு ஏற்றார். காவல் துறையையே கையில் வைத்திருந்தவர் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்றார்.

பணம் கொடுத்தார்களே என்று கேட்பார்கள். கொடுத்தார்கள். முதலில் 10 லட்சம் ரூபாய் என்றார்கள், பிறகு 20 லட்சம், குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும். ஆணையம் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது. பிள்ளையை இழந்த வீட்டுக்கு அரிசி வேண்டாமா, வேண்டும். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நஷ்டஈடு ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம். பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழன் கதையைப் பள்ளியில் படித்தபோது தேர்ச்சக்கரத்தில் மகனைப் போட்டான் என்பதோடு விட்டுவிட்டோம். சேக்கிழார் இடையில் ஒன்று வைத்திருக்கிறார். கன்று செத்ததற்குச் சாத்திரத்தில் பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்தால் போதும் என்று மந்திரிமார் வழி சொல்கிறார்கள். கோயிலுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்கிற மாதிரி. சோழன் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு யாராவது ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வோம், என் மகன் கொன்றால் மட்டும் பிராயச்சித்தமா என்று கேட்கிறான். மகனைத் தேர்க்காலில் இடச் சொல்லி மந்திரியிடம் ஒப்படைக்கிறான். அந்த மந்திரியால் முடியவில்லை. தன் உயிரையே விட்டுவிடுகிறார். அதன் பிறகுதான் அரசனே தேரை ஓட்டுகிறான்.

மகனைக் கொல்வது நீதியா என்று இன்றைக்குக் கேட்டால் நான் இல்லை என்பேன். மரண தண்டனையிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கதையில் எனக்கு முக்கியம், வேலையைக் கீழே தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளாமல் அரசன் தன் கையாலேயே செய்தான் என்பது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. 132-வது பிரிவும் அதே நீதிமன்றத்தில்தான் வாதாடப்பட்டது.

இதை ஒரு கட்சியின் குற்றமாக மட்டும் யாரும் வாசித்துவிடக் கூடாது. தூத்துக்குடி நடந்தபோது அ.தி.மு.க. ஆட்சி. 1999 ஜூலை 23 அன்று தி.மு.க. ஆட்சி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும் சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் துரத்தப்பட்டு 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அது போலீஸ் பக்கமே பேசியது, ஆற்றில் மூழ்கிச் செத்தார்கள் என்றது. தோட்டத்து மக்கள், கூலிக் கோரிக்கை, கையில் குழந்தை. நம் வீட்டுப் பாட்டிமார் சொன்ன கதையில் கடல் மட்டும்தான் வித்தியாசம்.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 1941-ல் கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலியைக் கூட்டு, கள்ளுக்கடையை மூடு, வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்று கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசர நிலை போட்டுப் பட்டாளத்தை இறக்கினார்கள். சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் மரியாதைக்கு அந்த விலை. இன்றைக்கு நம் பிள்ளைகளிடம் கிள்ளான் என்றால் பா குத் தே ஞாபகம் வருகிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நாம் சொல்லிக் கொடுத்தால்தானே.

வெளியுலகில் ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், எண்ணிக்கைகூட ஒத்துப்போகிறது. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. அன்றைக்கே 13 பேர் செத்தார்கள், காயம்பட்ட ஒருவர் பிறகு செத்தார். சில வாரங்களில் ஒரு விசாரணை நடத்தி, பழியின் பெரும்பகுதியை ஊர்வலக்காரர்கள் பக்கம் தள்ளினார்கள். குடும்பத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் நடந்தார்கள். 1998-ல் மறுபடி ஒரு விசாரணை தொடங்கி 12 வருஷம் நடந்தது. 2010 ஜூன் 15 அன்று பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அந்தச் சூட்டுக்கு எந்த நியாயமும் கிடையாது, நியாயப்படுத்தவும் முடியாது என்று சொல்லி நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். டெர்ரி சதுக்கத்தில் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் கை தட்டி அழுதது. சுட்ட அன்றைக்குக் கேமரனுக்கு வயது ஐந்து. அவருக்குத்தான் உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. இருந்தாலும் நாற்காலி தன்னுடையது என்பதால் பேசினார். 38 வருஷம் மிகத் தாமதம், பெற்றவர்கள் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருந்தும், தன் அண்ணன் குண்டு வைத்திருக்கவில்லை என்று அரசாங்கமே சொல்லக் கேட்டது ஒரு தங்கைக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மனு தர்மத்தின் பல பகுதிகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது, சிலது படிக்கவே கூசும். ஆனால் எட்டாம் அத்தியாயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. நீதி தவறினால் அந்தப் பாவத்தில் கால் பங்கு செய்தவனுக்கு, கால் பங்கு சாட்சிக்கு, கால் பங்கு சபையில் உட்கார்ந்தவர்களுக்கு, கால் பங்கு அரசனுக்கு. குற்றவாளியை முறையாகத் தண்டித்த பிறகுதான் பாவம் முழுவதும் செய்தவன் தலைக்குப் போகும், அரசன் விடுபடுவான். அதாவது விசாரித்துத் தண்டிக்கும் வரைக்கும் அரசன் பங்காளி. காலம் கடத்தினால் பங்கு தானாகக் கழியாது. ஆட்சி மாறினால் அடுத்து வந்தவருக்கும் அதே கணக்குத்தான். அறிக்கை வந்தபின் நான்கு போலீசாரை இடைநீக்கம் செய்தார்கள். அதோடு கால் பங்கு தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள என் மனசு ஒப்பவில்லை.

சாட்சிக்கும் கால் பங்கு என்கிறதே, அது நம்மைத்தான் சுடுகிறது. மலேசியாவில் 2005-லேயே முன்னாள் தலைமை நீதிபதி முகமட் ஜைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் போலீசைப் பற்றி 125 பரிந்துரை கொடுத்தது. போலீஸ்மேல் வரும் புகாரைச் சுயமாக விசாரித்து நடவடிக்கையும் எடுக்கக்கூடிய ஓர் ஆணையம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. அதற்குப் பிறகும் தடுப்புக் காவலில் எத்தனை இந்திய இளைஞர்கள் செத்தார்கள், எத்தனை தாய்மார் சவக்கிடங்கு வாசலில் நின்றார்கள். 2007 நவம்பர் 25 இண்ட்ராஃப் பேரணியில் கண்ணீர்ப் புகையும் ரசாயனத் தண்ணீரும் அடித்தார்கள். அன்றைக்கு யாரையும் சுடவில்லை என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். கடைசியில் 2023 ஜூலையில் ஒரு புகார் ஆணையம் நடைமுறைக்கு வந்தது. அது விசாரிக்கலாம், கண்டதை எழுதி வேறு அமைப்புகளுக்கு அனுப்பலாம். தானே தண்டிக்க அதிகாரம் இல்லை. பதினெட்டு வருஷம் காத்திருந்து கிடைத்தது இதுதான். இதைப் பற்றி நம் கோயில் மண்டபங்களில் ஒரு கூட்டமாவது போட்டோமா? தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் எந்த முனையில் போடுவது என்பதற்கு மூன்று கூட்டம் போடுகிறோம்.

போலீஸ் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் விடிய விடிய நிற்கிற போலீஸ்காரர்களோடு சேர்ந்து நம் தொண்டர்கள் கயிறு பிடித்திருக்கிறார்கள். காணாமல் போன குழந்தையைத் தோளில் தூக்கி வந்து ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்த போலீஸ்காரரை நானே பார்த்திருக்கிறேன். அந்த மனுஷனை அவன் மேலிடத்திலிருந்து காப்பாற்றவும்தான் பொறுப்பு மேலே இருக்க வேண்டும் என்கிறேன். மேலே ஒருவர் "என் உத்தரவு, நான் பதில் சொல்கிறேன்" என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டியிருந்தால், எத்தனை உத்தரவு வாயிலேயே நின்றுவிடும்.

எங்கள் வகுப்புப் பையன் கடைசியாக ஒன்று கேட்டான். "அப்போ ஆர்டர் தப்புன்னு எனக்குத் தெரிஞ்சா, அந்த நேரத்துல நான் என்னண்ணே செய்யணும்?" துப்பாக்கியைக் கீழே இறக்கு, உத்தரவை எழுத்தில் கேள், யார் சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று உன் பாக்கெட் புத்தகத்தில் குறித்து வை, மறுத்தால் வேலை போகலாம் என்பதையும் தெரிந்துகொண்டு மறு என்று சொன்னேன். வேலை போனால் வீட்டை யார் பார்ப்பது என்று அவன் கேட்கவில்லை. அவன் அம்மா கேட்டார். அதற்கு நம் இயக்கத்திடம் இன்று ஒரு பதிலும் இல்லை. சட்ட உதவிக்கென்று ஒரு சிறு நிதி தொடங்கலாம் என்ற யோசனையை அடுத்த மாநிலக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வைக்கச் சொல்லிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.